மல்லிகைப்பூ விழுந்த எக்ஸ்ரே

நான் வேலையை விட்டு வந்த பிறகு எங்கள் மையத்தில் புது மென்பொருள் ஒன்று வந்திருக்கிறதாம். எக்ஸ்ரே எடுத்த மறுநொடியே, படத்தில் சந்தேகமான இடத்துக்கு அதுவே சிவப்பு வட்டம் போட்டுவிடுமாம். போன வாரம் ஒரு பெண்ணின் தோளோரம் பெரிய வட்டம் போட்டு எல்லோரையும் கலங்கடித்திருக்கிறது. போய்ப் பார்த்தால் ஜடையில் சுற்றியிருந்த பூச்சரம். என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் இதைப் போனில் சொல்லிச் சிரித்துவிட்டு, "விமலாக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன், புதுசா வந்தவங்களுக்கு உதவும்" என்றார்கள்.

அனுபவம் என்றால் அவர்கள் எதிர்பார்ப்பது பொறுமை, புன்னகை, சேவை மனப்பான்மை. அந்தச் சரக்கு என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. இருப்பதை எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

படித்த கதை பெரிதில்லை. பிளஸ் டூ முடித்து எக்ஸ்ரே டிப்ளமோ படித்தேன். இருட்டறையில் பிலிம் கழுவிக் கழுவி விரல் நகமெல்லாம் மருந்து வாடை ஏறியது. அரசு மருத்துவமனையில் தற்காலிகமாகக் கொஞ்ச காலம், தனியார் ஸ்கேன் சென்டர்களில் பல காலம் என்று ஓடிவிட்டது. கடைசியில் கேளம்பாக்கம் பக்கம் இருந்த விசா மருத்துவப் பரிசோதனை மையத்தில் போய் நின்றேன். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாகப் பஸ்ஸில் போய்வந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

வெளிநாட்டில் குடியேற விண்ணப்பிப்பவர்களை அந்த நாட்டு அரசாங்கம் இந்த மாதிரி மையங்களுக்கு அனுப்பும். பாஸ்போர்ட்டையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். உயரம், எடை, ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, கடைசியில் டாக்டர். முடிவு நேரே அந்த அரசாங்கத்தின் கணினிக்குப் போய்விடும். வந்தவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுப்பதில்லை. இவ்வளவுதான் வேலை. நம் ஜனங்கள் இதையே ஒரு விசேஷமாக மாற்றிக்கொண்டார்கள்.

ஒருவருக்குப் பரிசோதனை என்றால் ஒன்பது பேர் வருவார்கள். ராகு காலம் முடியட்டும் என்று காரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அது முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நெருக்கும். உள்ளே அவனவனுக்குக் கொடுத்த நேரம் போய்விட்டது என்று சொன்னால் எங்களைப் பார்த்து முறைப்பார்கள். நெஞ்சு நிறையச் சந்தனம் பூசி வருவார்கள். விசா ஏஜெண்டுகள் வேறு, டாக்டர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள் எனப் பாடம் நடத்தி அனுப்பியிருப்பார்கள். சர்க்கரை இருக்கா? இல்லை. ஆபரேஷன் நடந்திருக்கா? இல்லை, வயிற்றில் ஒரு சாண் தையல் தெரியும்போதே இல்லை. ஒரு மகானுபாவர், குழந்தைகள் இருக்கா என்று கேட்டதற்கும் இல்லை என்றார். மடியில் அவர் மகன் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

எக்ஸ்ரே அறையில் என் பாடு தனி. பெண்கள் இடுப்புக்கு மேலே உலோகம் எதுவும் இல்லாமல், கவுன் மாற்றிக்கொண்டு வரவேண்டும். முடியை உச்சந்தலையில் தூக்கிக் கட்டவேண்டும். ஜடை தோளில் கிடந்தால் அதன் நிழல் நுரையீரலின் உச்சியில் விழும். காச நோய் பெரும்பாலும் உட்காருகிற இடமும் அதுதான். தாலியைக் கழற்றமாட்டேன் என்பவர்களோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. சரடைத் தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொல்வோம். மோவாயைப் பலகைமேல் வை, கையை இடுப்பில் வை, தோளை முன்னால் தள்ளு, மூச்சை இழு, பிடி, விடு. பத்து வார்த்தை வேலைதான். ஆனால் மூச்சை இழு என்றால் வயிற்றை இழுப்பவர்களும், பிடி என்றால் பலகையைப் பிடிப்பவர்களும்தான் அதிகம். எம்.பி.ஏ. படித்தவர்களும் அதில் உண்டு.

இந்தக் கூத்துக்கு நடுவே எங்கள் பெரிய டாக்டர். அவருடைய பேச்செல்லாம் படத்தோடுதான், ஆட்களோடு அல்ல. திரையில் படம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். பென்சிலால் ஒவ்வொரு விலா எலும்பாகக் காற்றிலேயே தொட்டுக்கொண்டு வருவார். அதுவரை பூகம்பமே வந்தாலும் திரும்பமாட்டார். பயப்படாதீங்க என்று யாரிடமும் சொன்னதில்லை. அது பொய்யாகப் போனால் யார் பொறுப்பு என்பார். பெண்களைப் பரிசோதிக்கும்போது பெண் ஊழியர் ஒருவர் அறைக்குள் நிற்கவேண்டும் என்பது விதி. பெரும்பாலும் என்னைத்தான் கூப்பிடுவார். முடிவை விண்ணப்பித்தவரைத் தவிர வேறு ஒருவரிடமும் சொல்லமாட்டார். கணவன், தகப்பன், எம்.எல்.ஏ.வுக்குத் தெரிந்தவர், யார் வந்தாலும் ஒரே பதில்தான்: "நாம தபால்காரங்க. கடுதாசியப் பிரிச்சு அடுத்தவங்களுக்குப் படிச்சுக் காட்றது நம்ம வேலை இல்ல." இந்த ஆள் என்ன மரக்கட்டையா என்று ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும்.

இனி திவ்யா கதை.

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் நம் பக்கம் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. விசாவுக்காக முதலில் ரிஜிஸ்டர் கல்யாணம். அது கல்யாணம் ஆகாது, வெறும் கையெழுத்து என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொள்வார்கள். விசா வேலை எல்லாம் முடிகிற சமயத்தில்தான் மண்டபம், தாலி, மேளம். நடுவில் இருக்கிற மாதங்களில் அந்தப் பெண் சட்டப்படி மனைவி, வீட்டார் கணக்கில் இன்னும் பேசிவைத்த பெண். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். நிறுத்தினால் தாலியே ஏறாமல் விவாகரத்து ஆனவள் என்ற பெயர் அவளுக்குத்தான். இந்த லட்சணத்தில், விசா மருத்துவப் பரிசோதனையை அவர்கள் இரண்டாவது பெண் பார்க்கும் படலமாக வைத்துக்கொண்டார்கள். பெண்ணின் உடம்பில் ஏதாவது குறை இருக்கிறதா என்று வெளிநாட்டு அரசாங்கம் பார்த்துச் சொல்லப்போகிறது, அதையும் தெரிந்துகொண்டு முகூர்த்தத்தை உறுதி செய்யலாம் என்பது இவர்களின் புத்திசாலித்தனம்.

திவ்யா சிறுசேரியில் வேலை பார்த்த பெண். அப்பா தயாளன், கல்பாக்கம் பக்கம் சம்பள வேலையில் இருந்தவர். மாப்பிள்ளை ஆஸ்திரேலியாவில். அவனுடைய அப்பா ஏகாம்பரத்துக்கு மதுராந்தகம் பக்கம் நிலமும் லாரிகளும் உண்டு. அம்மா சகுந்தலா. மகன் மனைவியோடு சேர்த்துத் தாயையும் தகப்பனையும் நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்ததால், மூன்று பேருக்கும் ஒரே நாளில் பரிசோதனை. திவ்யாவின் அப்பா துணைக்கு வந்திருந்தார். பத்திரிகை அச்சாகி, பாதி உறவுக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது.

சகுந்தலாவை வாசலில் பார்த்த நிமிடமே எனக்குப் பிடிக்கவில்லை. மருமகளின் எடையை நர்ஸ் சொல்லும்போது பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார். கண் பரிசோதனையில் அந்தப் பெண் எழுத்துகளைப் படிக்க, இவரும் வாய்க்குள்ளேயே படித்துச் சரிபார்க்கிறார். எக்ஸ்ரே அறை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுக்கு இன்னா ஏதுன்னு நல்லாப் பாரும்மா. ஒரே புள்ள எனக்கு" என்றார். காய்கறி பொறுக்குகிற குரல்.

திவ்யாவின் தலையில் சவுரி வைத்துப் பின்னிய நீள ஜடை. அதில் இரண்டு முழம் மல்லிகை இறுக்கிச் சுற்றியிருந்தது. அன்று காலை மாமியார் கையால் செய்த அலங்காரம். பூவை எடுத்துவிட்டு ஜடையை மேலே தூக்கிக் கட்டு என்றேன். திரைக்கு வெளியே இருந்து உத்தரவு வந்தது, நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் பூவை எடுக்கக்கூடாது என்று. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சரியென்று பூவோடு சேர்த்துத் தூக்கி இரண்டு கிளிப் போட்டேன். மூச்சை இழுத்துப் பிடித்தபோது கனம் தாங்காமல் மொத்தமும் சரிந்து தோளில் விழுந்தது. படம் டாக்டரின் திரைக்குப் போயிற்று. அவர் பென்சிலை வலது உச்சியில் நிறுத்தினார். கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார். "இது நுரையீரல் இல்ல. மல்லிகைப்பூ. திரும்ப எடுங்க" என்றார். இந்த முறை யார் உத்தரவையும் கேட்காமல் பூவையும் சவுரியையும் உருவி ஓரமாக வைத்தேன். படம் தெளிவாக வந்தது.

அடுத்து சகுந்தலா. தாலிச் சரடைக் கழற்றமாட்டேன் என்றார், வாயில் கவ்விக்கொள்ளச் சொன்னேன். காலையிலிருந்து அந்த வாய் மூடியிருந்தது அந்த அரை நிமிடம்தான். அவருடைய படத்தில் இடது உச்சியில் பழைய தழும்பு. ஜடையும் இல்லை, பூவும் இல்லை.

டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார், கூட நான் நின்றேன். முன்பு எப்போதாவது காச நோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்றார் சகுந்தலா. டாக்டர் திரையில் அந்தத் தழும்பைப் பென்சிலால் காட்டினார். அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணத்துக்கு மின்னாடி சார். எங்க அம்மா வூட்டுல இருந்தப்ப ஆறு மாசம் மாத்திர முழுங்கினேன். அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

ஆறிப்போன நோய் விசாவுக்குத் தடை இல்லை, இப்போது உயிருள்ள கிருமி இல்லை என்பது மட்டும் உறுதியாகவேண்டும் என்று டாக்டர் விளக்கினார். அடுத்து மூன்று நாள் தொடர்ந்து காலையில் இங்கேயே வந்து சளி கொடுக்கவேண்டும், அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்து முடிவு வர இரண்டு மாதம் ஆகும். சகுந்தலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மனசு இளகியது. ஒரு காலத்தில் இந்த அம்மாளும் பயந்துகொண்டே மணவறையில் உட்கார்ந்த பெண்தானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு, அவர் அறையை விட்டு வெளியே போகும்வரைதான் நீடித்தது.

ஹாலில் ஏகாம்பரமும் தயாளனும் எழுந்து நின்றார்கள். சகுந்தலா நேரே கணவரிடம் போய், "பொண்ணுக்கு ரெண்டாந்தபா படம் எடுத்தாங்க, பாத்த இல்ல? நெஞ்சுல இன்னாவோ கீதாம். மூணு நாளு காலைல வந்து சளி குடுக்கணுமாம். நான் கூட்டிகினு வந்துகினு போறேன்" என்றார். எவ்வளவு சரளமாகச் சொன்னார் தெரியுமா? வழியிலேயே யோசித்து முடித்துவிட்டார். தயாளன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திவ்யா அப்போது டாக்டர் கூப்பிடுவதற்காக, உடை மாற்றும் திரைக்குப் பின்னால் கவுனோடு காத்திருந்தாள். சகுந்தலா அங்கேயும் நுழைந்தார். எக்ஸ்ரே அறைக்குத் திரும்பியிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. நோய் உனக்கென்று சொல்லிவைத்திருக்கிறேன், மூன்றே நாள்தான், அப்புறம் நானே சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினார். பிறகு குரல் மாறியது. "நீ வாயத் தொறந்தியானா இந்தக் கல்யாணம் கெடையாது. கையெழுத்துப் போட்டுட்டு ஊட்டோட கெடப்ப. உங்கப்பா யார் வூட்டுக்குப் போயி பத்திரிகையத் திருப்பி வாங்குவாரு?"



சளி எடுக்கும் இடம் எங்கள் மொட்டை மாடியில், காற்று நன்றாக வரவேண்டும் என்பதற்காகப் போட்ட கொட்டகை. மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். சகுந்தலா மாடிக்குப் போனார், திவ்யா படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்த்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. நர்ஸ் மாடியிலிருந்து சகுந்தலாவின் பெயரைத்தான் கூப்பிட்டார். அந்த இரண்டு நாளும் ஏகாம்பரம் வரவில்லை, ஊரில் உறவுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரிடம் போய், அந்தப் பெண்ணை ஊரே நோயாளி என்று பேசும், நான் அவள் அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். அந்தத் துடைப்பைப் பார்த்ததும் அன்றைக்கு எனக்கு ஆத்திரம் வந்தது. "விமலா, நீங்க இன்னிக்கு அந்தம்மா பேரச் சொன்னா, நாளைக்கு இன்னொருத்தி பேர இன்னொருத்தங்க சொல்லுவாங்க. அது உண்மையாவும் இருக்கும். அப்ப யாரத் தடுப்பீங்க?" என்றார். அதைக் கேட்டும் என் ஆத்திரம் குறையவில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் நின்று ஒரு அயோக்கியத்தனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியிருந்தால், அந்த ஒழுங்கின்மேலேயே வெறுப்பு வரும்.

மூன்றாம் நாள் காலை ஏகாம்பரமும் கூடவே வந்துவிட்டார். தயாளனையும் வரச்சொல்லியிருந்தார். ஏகாம்பரம் கெட்டவர் இல்லை, நேரே பேசுகிறவர். நேரே பேசுவதே பெரிய யோக்கியதை என்று நினைத்துக்கொண்டிருக்கிற ரகம். ஹாலில் எல்லோருக்கும் கேட்கத் தயாளனிடம் சொன்னார், நோயை மறைத்துப் பெண் கொடுப்பது நல்லதில்லை, மண்டபத்தை விட்டுவிடலாம், கையெழுத்தை வக்கீலை வைத்து ரத்து செய்துகொள்ளலாம் என்று. தயாளன் கை கூப்பினார். என் பெண்ணுக்கு ஒரு நாள் காய்ச்சல்கூட வந்ததில்லை என்றார். சகுந்தலா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். நான் அவரை ஹாலில் பார்த்ததே அபூர்வம். தயாளன் அவரிடம் ஓடி, பெண்ணுக்கு என்ன என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினார். வழக்கமான பதிலைத்தான் சொன்னார் டாக்டர், யாருக்கும் சொல்வதில்லை என்று. பிறகு திவ்யா பக்கம் திரும்பினார். அவர் ஒருவரின் முகத்தை நேராகப் பார்த்து நான் கண்டது அப்போதுதான்.

"உங்க ரிசல்ட் உங்களோடது. கேட்டா உங்களுக்குச் சொல்லணும். தனியாச் சொல்லட்டுமா, இங்கயே சொல்லட்டுமா?"

திவ்யா மாமியாரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, இப்பவாவது சொல்லுங்கள் என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். சகுந்தலா பையின் வாரை விட்டு நிமிரவில்லை.

"இங்கயே சொல்லுங்க சார்."

"உங்க நெஞ்சு படம் சுத்தமா இருக்கு. ரெண்டாவது தடவை எடுத்தது ஜடை விழுந்ததால. உங்ககிட்ட நாங்க வேற எதுவும் கேக்கல."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைத் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தார்கள். ஏகாம்பரம் மெதுவாக மனைவி பக்கம் திரும்பி, "அப்ப மூணு நாளா இன்னாத்துக்கு வந்துகினு இருந்தீங்க?" என்றார்.

அப்போது மாடியிலிருந்து நர்ஸ் இறங்கிவந்து, அன்றைக்குப் பெயரைச் சொல்லாமல், நேரமாச்சு வாங்க என்று பொதுவாகக் கூப்பிட்டார். திவ்யா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "போங்க அத்தை, இன்னிக்கு ஒரு நாள்தான்" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். குரலில் துளி விஷம் இல்லை. ஏகாம்பரம் பின்னாலேயே போய் ஏதோ சொன்னார். அவர்கள் நிற்கவில்லை.

அதற்கப்புறம் ஏகாம்பரம் திரும்பிவந்து மனைவியைத் தாண்டி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். பெண்டாட்டிக்கு எப்போதோ வந்து ஆறிப்போன நோய்க்கு அப்படி ஒரு முகம். இந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் காலத்தில் இவர்கள் கல்யாணமே நடந்திருக்காதுதான், சகுந்தலா பயந்ததில் தப்பில்லை. ஆனால் தான் பட்ட பயத்தை அப்படியே எடுத்து இன்னொரு பெண்ணின் தலையில் பூவோடு சேர்த்துப் பின்னிவிட்டாரே, அதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

சில மாதம் கழித்துத் திவ்யா மறுபடி வந்தாள். கம்பெனியே வேறொரு நாட்டுக்கு அனுப்புகிறதாம், தன் பெயரில் விசா. அப்பா மட்டும் கூட வந்திருந்தார். ரிஜிஸ்டர் கல்யாணத்தை ரத்து செய்யக் கோர்ட்டில் மனு போட்டிருப்பதாக அவளே சொன்னாள். மாப்பிள்ளை போன் செய்து, அம்மா பாவம், பெரிது பண்ணாதே என்றானாம். நான் சொல்லாமலே முடியை உச்சியில் கொண்டையாக இறுக்கிக் கட்டியிருந்தாள். "அக்கா, இந்தத் தடவை ஒரே தடவைல எடுத்துருங்க" என்றாள். எடுத்தேன்.

அதற்கு அடுத்த மாதம் சகுந்தலா. சளிப் பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை, தழும்பு மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் ஒரு படம் கேட்டிருந்தார்கள். தனியாக வந்திருந்தார். கவுன் மாற்றிக்கொண்டு பலகை முன்னால் நின்றவர், சும்மா கேட்பதுபோல ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு இங்க வந்துச்சாமே? எந்த ஊருக்குப் போவுதாம்?"

"இங்க யார் வந்தாங்க, வரலன்னு நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லம்மா" என்றேன். "உங்களப் பத்தியும் யார்கிட்டயும் சொல்லல."

அவர் நான் சொல்லும் முன்பே தாலிச் சரடைத் தூக்கி வாயில் கவ்விக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடிங்க என்றேன், பிடித்தார். படம் ஒரே தடவையில் சரியாக வந்தது.